கால்குலஸ் வழிகாட்டி வாங்கும் முன்

மொரிஷியஸில் எச்.எஸ்.சி. (பள்ளி மேல்நிலை இறுதித் தேர்வு) எழுதும் பிள்ளைக்குக் கணித வழிகாட்டி தேடுகிறீர்களா? அட்டையில் கேம்பிரிட்ஜ் கணிதப் பாடத்திட்டத்தின் குறியீடான 9709 என்ற எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2020 தேர்விலிருந்து பாடத்திட்டம் மாறியதால் பழைய பாடத்திட்டத்துக்கான பதிப்பு வேண்டாம்.

அப்புறம், எந்தத் தேர்வுத் தாளுக்கான நூல்? தாள் 1-இல் கால்குலஸின் இரு பகுதிகளான வகையிடலும் தொகையிடலும் அடிப்படை அளவில்தான். பகுதித் தொகையிடல் (integration by parts), வகைக்கெழுச் சமன்பாடு (differential equation) எல்லாம் தாள் 3.

விடை மட்டும் தரும் நூலை என் மகளுக்கு வாங்கிக் கொடுத்து ஒரு மாதம் வீணானது. தேர்வில் வழிமுறைக்கும் மதிப்பெண் உண்டு, எனவே ஒவ்வொரு படியும் அச்சில் இருக்க வேண்டும். கடையிலேயே ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டுக் கணக்கைப் பிரித்து, மாறிலியை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று பிள்ளையையே விளக்கச் சொல்லுங்கள். விளக்க முடிந்தால் வாங்கலாம்.