சிறு அலுவலக ராக் சூடேறுகிறதா? ஏசியின் டிகிரியைக் குறைக்கும் முன் செய்ய வேண்டியவை

ராக் எனப்படும் கருவி அடுக்கும் சட்டத்தில் இரண்டு சர்வர், கணினிகளை வலையில் இணைக்கும் ஒரு சுவிட்ச், அடியில் யூபிஎஸ். அறையில் 1 டன் ஏசி ஓடுகிறது. அப்படியும் மேல் சர்வரின் விசிறி இரைகிறது என்றால், ஏசியை 18-இல் வைக்கச் சொல்லும் யோசனை உடனே வரும். பெரும்பாலும் அது மின்கட்டணத்தை ஏற்றுவதோடு சரி. பின்னால் வெளியேறிய சூடான காற்று சுற்றி வந்து முன்பக்கம் மறுபடி நுழைவதுதான் வழக்கமான காரணம்.

படி 1: கணக்கு

கருவி இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகிறது. யூபிஎஸ் திரை 600 வாட் காட்டினால் வெப்பமும் 600 வாட்தான். 1 டன் ஏசி சுமார் 3,500 வாட்டை அகற்றும். ஆகவே குளிருக்குப் பஞ்சமில்லை. தேவையான காற்றுக்கு, வாட்டை 1.76-ஆல் பெருக்குங்கள். உள்ளே வரும் காற்றைவிட வெளியேறும் காற்று எத்தனை டிகிரி செல்சியஸ் கூடலாமோ, அதனால் வகுங்கள். 10 டிகிரி என்றால் நிமிடத்துக்குச் சுமார் 106 கன அடி. விசிறிப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவு தடையில்லாத இடத்துக்கானது. ராக்கினுள் அதைவிடக் குறைவாகவே கிடைக்கும்.

படி 2: திசை

சர்வர்கள் முன்னால் இழுத்துப் பின்னால் தள்ளுபவை. சுவிட்சை அப்படி நம்பிவிடாதீர்கள். சில பக்கவாட்டில் ஊதும். சில, கேபிள் செருகும் போர்ட் இருக்கும் பக்கமாகவே வெளியேற்றும். காற்றுத் துளையருகே மெல்லிய காகிதத்தைப் பிடியுங்கள். ஒட்டினால் உள்ளிழுக்கிறது, விலகினால் வெளியே தள்ளுகிறது. எல்லாம் ஒரே திசையில் ஊதும்படி மாற்றி அடுக்குங்கள்.

படி 3: ஓட்டைகளை மூடுதல்

கையில் கொஞ்சம் பணம்தான் இருக்கிறது என்றால் இதற்கே செலவிடுங்கள். இரு கருவிகளுக்கு இடையே காலியாக விட்ட 1 யு (ராக்கின் உயர அலகு) இடம், அதாவது 44.45 மி.மீ. உயர இடைவெளி, சூடான காற்று முன்னால் திரும்பும் வாசல். பிளாங்கிங் பேனல் என்னும் மூடுதகடு போட்டு அடையுங்கள். பக்கச் சட்டத்தின் இடுக்குகளையும், கேபிள் நுழையும் துளைகளையும் விடாதீர்கள். பின்னால் கேபிள்கள் சர்வரின் காற்று வெளியேறும் வாயை மறைத்துத் தொங்கினால், ஓரமாக இழுத்துக் கட்டுங்கள்.

படி 4: கதவும் மேல் விசிறியும்

கண்ணாடிக் கதவு பார்க்க அழகு; காற்றுக்குச் சுவர். துளையிட்ட கதவுக்கு மாறுங்கள், அல்லது கழற்றி வையுங்கள். மேல்தட்டு விசிறி பின்பக்கமாக இருக்கட்டும். முன்னால் இருந்தால், சர்வருக்கு வரும் குளிர்ந்த காற்றையே அது உறிஞ்சி வெளியேற்றிவிடும்.

படி 5: ஏசியின் இடம்

குளிர் ராக்கின் முன்பக்கம் வந்து சேர வேண்டும். உள்அலகை ராக்குக்கு நேர் மேலே மாட்டாதீர்கள்; வடிகுழாய் அடைத்தால் தண்ணீர் சர்வரில் சொட்டும்.

படி 6: அளந்து பார்த்தல்

அறைச் சுவரில் வெப்பமானி மாட்டிப் பயனில்லை. ராக்கின் முன்பக்கம் மேலே ஒன்று, கீழே ஒன்று வையுங்கள். குளிரூட்டல் பொறியாளர்களின் ஆஷ்ரே (ASHRAE) அமைப்பு பரிந்துரைப்பது, உள்ளே நுழையும் காற்று 18 முதல் 27 டிகிரி. கீழே 23, மேலே 31 காட்டினால் படி 3-இல் ஏதோ விடுபட்டிருக்கிறது. இரண்டுமே 27-ஐத் தாண்டினால்தான் ஏசியைச் சந்தேகிக்க வேண்டும். அதிலும் முதலில் அதன் வடிகட்டியைக் கழுவிப் பாருங்கள்.