புதுக் கேமராவுக்கு மெமரி கார்டு: எதை வாங்குவது, எப்படிச் சோதிப்பது

புதுக் கேமரா வாங்குகிறவர்கள் பாடியையும் லென்ஸையும் மாதக்கணக்கில் அலசுவார்கள். கார்டை மட்டும் பில் போடும் நேரத்தில் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்கிக்கொள்வார்கள். ஆனால் எடுத்த படம் முதலில் போய்ச் சேரும் இடம் அதுதான். அங்கே கோளாறு என்றால் எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸாலும் பயனில்லை.

கார்டுக்கு முன்னால் கேமராவின் ஸ்லாட்டைப் பாருங்கள். சோனி ஏ6400, இசட்வி-இ10, கேனான் ஆர்50 போன்றவை யூஹெச்எஸ்-1 (எஸ்டி கார்டுகளின் வேக வகைகளில் ஒன்று) வரைதான் ஏற்கும். அந்த வகைக்கு உச்ச வேகம் நொடிக்கு 104 எம்பி (மெகாபைட்). கேனான் ஆர்10, சோனி ஏ6700, ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்-டி5 ஆகியவற்றில் யூஹெச்எஸ்-2 ஸ்லாட் இருக்கிறது. அதன் உச்சம் 312 எம்பி. நிக்கான் இசட்8, கேனான் ஆர்5 இரண்டிலும் எஸ்டி ஸ்லாட்டோடு சிஎஃப்எக்ஸ்பிரஸ் என்ற, எஸ்டியைவிட வேகமான கார்டுக்கான 'பி' வகை ஸ்லாட்டும் உண்டு. சோனி பயன்படுத்துவது அதைவிடச் சிறிய 'ஏ' வகை. ஒன்றின் கார்டு மற்றதில் நுழையாது.

எஸ்டி கார்டு எந்த வகை என்பதைத் திருப்பிப் பார்த்தாலே தெரியும். தங்க நிறத் தொடுமுனைகள் ஒரே வரிசையாக இருந்தால் யூஹெச்எஸ்-1. அதற்குக் கீழே இன்னொரு வரிசை இருந்தால் பெரும்பாலும் யூஹெச்எஸ்-2. 'பெரும்பாலும்' என்று சொல்லக் காரணம், எஸ்டி எக்ஸ்பிரஸ் என்ற இன்னும் வேகமான கார்டிலும் இரண்டாவது வரிசை உண்டு. அதை யூஹெச்எஸ்-2 கேமராவில் போட்டால் யூஹெச்எஸ்-1 வேகத்துக்கு இறங்கிவிடும். அதிகம் செலவழித்து மெதுவான கார்டை வாங்கியதாக ஆகிவிடும்.

அடுத்து, கார்டின் முகப்பில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 170, 200 போன்ற எண்கள். அவை படிக்கும் வேகம். அதுவும் சில யூஹெச்எஸ்-1 கார்டுகளில் அந்தத் தயாரிப்பாளரின் சொந்த ரீடரில் (கார்டைக் கணினியோடு இணைக்கும் கருவி) மட்டுமே கிடைக்கும். கேமராவுக்கு வேண்டியது எழுதும் வேகம். அதற்கு நம்பக்கூடிய குறி 'வி' எண்தான்: வி30 என்றால் தொடர்ந்து எழுதும்போது நொடிக்கு 30 எம்பிக்குக் குறையாது, வி60 என்றால் 60, வி90 என்றால் 90. ஏ1, ஏ2 என்ற குறிகள் போனில் ஆப்களை ஓட்டுவதற்கானவை. கேமராவுக்கு அவற்றால் பயனில்லை.

வீடியோ எடுப்பவர்கள் மெகாபிட்டையும் மெகாபைட்டையும் குழப்பிக்கொள்வதால் தேவையில்லாமல் வி90 வாங்குகிறார்கள். மெனுவில் 100 எம்பிபிஎஸ் என்று காட்டுவது மெகாபிட். எட்டால் வகுத்தால் 12.5 எம்பி. வி30 கார்டு அதைத் தாராளமாகத் தாங்கும். 300 எம்பிபிஎஸ் என்றால் 37.5 எம்பி, வி60 வேண்டும். 600 எம்பிபிஎஸ் என்றால் 75 எம்பி, அங்கேதான் வி90 தேவைப்படுகிறது.

போட்டோவில் கணக்கு வேறு. 25 எம்பி ரா ஃபைலை (கேமரா பதிந்ததைச் சுருக்காமல் வைத்திருக்கும் ஃபைல்) நொடிக்குப் பத்து எடுத்தால் நொடிக்கு 250 எம்பி சேர்கிறது. யூஹெச்எஸ்-1 கார்டு எழுதுவது சுமார் 80, 90. மிச்சமெல்லாம் கேமராவின் பஃபரில், அதாவது தற்காலிக நினைவகத்தில், தேங்கும். அது நிரம்பியதும் ஷட்டர் தடுமாறும். பறவைகள், விளையாட்டு எடுப்பவர்கள் யூஹெச்எஸ்-2 கார்டுக்குச் செலவழிப்பது நியாயம். நிலக்காட்சி, உருவப்படம் எடுப்பவர்களுக்கு நல்ல வி30 கார்டே போதும்.

சென்னை ரிச்சி தெரு மின்னணுக் கடைகளில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், முதல் வேலைக்குப் போகும் முன் கார்டைச் சோதிக்காமல் விடாதீர்கள். போலிக் கார்டை இயக்கும் சிப்பான கண்ட்ரோலர், உள்ளே 16 ஜிபி இருக்க, 128 ஜிபி என்று பொய் சொல்லும். முதல் 16 ஜிபி வரை எல்லாம் சரியாக இருக்கும். அதைத் தாண்டி எழுதுவது பழையதன் மேல் விழும், அல்லது காணாமலே போகும். கேமரா எந்தப் பிழையும் காட்டாது. அசல் 128 ஜிபி கார்டே விண்டோஸில் சுமார் 119 என்றுதான் காட்டும். அது கணக்கிடும் முறையால் வரும் வித்தியாசம், பயப்பட வேண்டாம்.

விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. காலிக் கார்டை ரீடரில் போட்டு, மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றி, கார்டின் டிரைவைத் தேர்ந்தெடுத்து, முழு இடத்தையும் எழுதிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் 1 ஜிபி அளவில் ஃபைல்களாக நிரப்பி, பிறகு ஒவ்வொன்றையும் திரும்பப் படித்து ஒப்பிடும். 128 ஜிபி கார்டுக்கு யூஹெச்எஸ்-1 வேகத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். மேக்கிலும் லினக்ஸிலும் இதே வேலைக்கு எஃப்3 உண்டு. ஒரே ஒரு பிழை வந்தாலும் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஃபார்மேட் செய்தால் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சோதனை தேறிய கார்டைக் கேமராவுக்குள் வைத்துக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள்.

கணினிப் பக்கம் பெரும்பாலும் சிக்குவது ரீடரும் கேபிளும். யூஎஸ்பி 2.0 வழியாகப் போனால் நொடிக்கு 35 எம்பி போலத்தான் வரும். 64 ஜிபி இறங்க அரை மணி நேரம். யூஹெச்எஸ்-1 ரீடரில் அதுவே 12 நிமிடம், நல்ல யூஹெச்எஸ்-2 ரீடரில் நான்கைந்து நிமிடம். போன் சார்ஜரோடு வரும் டைப்-சி கேபிள்களில் பல உள்ளுக்குள் யூஎஸ்பி 2.0தான். முனை ஒரே மாதிரி இருப்பதால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எனவே ரீடரோடு வந்த கேபிளையே பயன்படுத்துங்கள். 2021 முதல் வந்த 14, 16 அங்குல மேக்புக் ப்ரோக்களில் யூஹெச்எஸ்-2 ஸ்லாட் இருப்பதால் தனி ரீடர் தேவையில்லை.

இறக்கும்போது கட் செய்து பேஸ்ட் செய்யாதீர்கள். காப்பி மட்டும் செய்யுங்கள். நடுவில் கேபிள் அசைந்தால் கார்டில் இருப்பது அப்படியே இருக்கும். விண்டோஸில் டெராகாப்பி போன்ற மென்பொருளில் சரிபார்ப்பைத் தேர்ந்தெடுத்தால், காப்பியான ஒவ்வொரு ஃபைலையும் மூலத்தோடு ஒப்பிட்டுச் சொல்லும். லேப்டாப்பில் ஒரு பிரதி, வெளி டிஸ்கில் ஒரு பிரதி. இரண்டும் சரிபார்க்கப்பட்ட பிறகே கார்டை ஃபார்மேட் செய்ய வேண்டும். மேக்கில் கார்டிலிருந்தே படங்களை நீக்கினால் அவை மறைந்திருக்கும் குப்பைக் கூடையில் போய் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். இடம் காலியாகவில்லையே என்று குழம்புவோருக்கு இதுதான் விடை.

கார்டின் உடலையும் அவ்வப்போது வெளிச்சத்தில் பாருங்கள். தொடுமுனைகளுக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தடுப்புகள் இருக்கும். அடிக்கடி செருகி எடுத்ததில் அவை பிளந்து, ஒரு துண்டு கேமரா ஸ்லாட்டுக்குள்ளேயே தங்கிவிடலாம். தடுப்பு தளர்ந்த கார்டை அன்றே ஓய்வு கொடுத்துவிடுங்கள். பக்கவாட்டு லாக் நகர்த்தி உடைந்து போனால் கேமரா எழுத மறுக்கும்; அவசரத்துக்கு அந்தப் பள்ளத்தின் மேல் மெல்லிய டேப் ஒட்டினால் ஓடும், ஆனால் டேப் ஸ்லாட்டுக்குள் உரிந்துவிடக்கூடும் என்பதால் அன்றைய வேலைக்கு மட்டும்.

படங்கள் தவறி அழிந்துவிட்டால் முதலில் கார்டை வெளியே எடுங்கள். அதன்பின் எடுக்கும் ஒவ்வொரு படமும் பழையதை மூடிவிடக்கூடும். போட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டி, மீட்கும் ஃபைல்களை வேறொரு டிஸ்கில் சேமிக்கச் சொல்லுங்கள், அதே கார்டில் ஒருபோதும் வேண்டாம். கேமராவில் செய்த சாதாரண ஃபார்மேட்டுக்குப் பிறகும் பெரும்பாலும் படங்கள் கிடைக்கும். கேனானில் உள்ள, கார்டு முழுவதையும் அழிக்கும் லோ லெவல் ஃபார்மேட்டுக்குப் பிறகு நம்பிக்கை குறைவு. மீண்டு வரும் ஃபைல்களுக்குப் பழைய பெயர் இருக்காது. படத்தினுள் பதிந்திருக்கும் தேதி, நேரத்தை வைத்துத்தான் வரிசைப்படுத்த வேண்டும்.