இத்தாலியில் கார் பயணம்: தங்குமிடத்தில் கோட்டைவிடும் இடங்கள்

இத்தாலியைக் காரில் சுற்றக் கிளம்பும் நண்பர்கள், உறவுக்காரர்கள் எல்லோரும் பயணத் திட்டத்தை எனக்கு ஒருமுறை அனுப்பிக் காட்டுகிறார்கள். ஆள்தான் வேறு, திட்டம் அதேதான். ரோமில் மூன்று இரவு, ஃப்ளோரன்ஸில் மூன்று இரவு, நடுவில் டஸ்கனி கிராமத்தில் ஒரே ஒரு இரவு. கார் மட்டும் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை. சர்வதேச ஓட்டுநர் உரிமம், சாலையின் வலப்பக்கம் ஓட்டுவது போன்றவற்றை நான் சொல்லப்போவதில்லை. அவற்றை யாரும் மறப்பதில்லை.

பழைய நகரின் நடுவே அறை, வாசலில் கார்

இந்த ஒன்றைப் பார்த்தால்தான் இன்னமும் எனக்குக் கோபம் வருகிறது.

ஃப்ளோரன்ஸ், சியேனா, பீசா, லூக்கா, பொலோன்யா, ரோம் என்று பழைய நகர மையம் உள்ள ஊர்களில் எல்லாம் வெளி வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. பயணிகள் வட்டாரத்தில் இதை இசட்டிஎல் (ZTL) என்பார்கள். பெரும்பாலும் தடுப்புக் கட்டையோ போலீஸோ இருக்காது. சிவப்பு விளிம்பு போட்ட வெள்ளை வட்டப் பலகை, அதன் கீழே பொடி எழுத்தில் கட்டுப்பாட்டு நேரம், பக்கத்துக் கம்பத்தில் ஒரு கேமரா, அவ்வளவுதான். மின்பலகையில் 'வார்கோ அத்தீவோ' என்று எரிந்தால் கேமரா வேலை செய்கிறது, நுழையக்கூடாது. முன்னால் போகும் வண்டி நுழைகிறதே என்று பின்னாலேயே போகிறார்கள். அவர் உள்ளூர்க்காரர், அனுமதி வைத்திருப்பார்.

தெரிந்த குடும்பம் ஒன்று ஃப்ளோரன்ஸில் துவோமோ எனப்படும் பெரிய தேவாலயத்தின் பக்கத்தில் அறை எடுத்தது. முன்பதிவுப் பக்கத்தில் 'பார்க்கிங் உண்டு' என்று போட்டிருந்தது. கைப்பேசி காட்டிய வழியில் நேரே வாசலில் போய் இறங்கினார்கள். மறுநாள் சியேனா, அதற்கடுத்த நாள் பீசா, சாயங்காலம் அதே வழியில் திரும்புவது. ஊருக்கு வந்து, படங்களை எல்லோருக்கும் அனுப்பி முடித்து, பயணத்தையே மறந்திருந்தபோது வாடகை நிறுவனம் கார்டிலிருந்து பணம் எடுத்திருந்தது. அது அபராதம்கூட இல்லை. வண்டியை ஓட்டியவர் யார் என்று நகரக் காவல்துறைக்குத் தகவல் கொடுத்ததற்கான கட்டணம்! அபராதம் பிறகு தபாலில் வந்தது, நுழைந்த நாளுக்கு ஒன்றாக. ஒவ்வொன்றும் 80 யூரோவுக்கு மேல், தபால் செலவு தனி. வெளிநாட்டில் வசிப்பவருக்கு நோட்டீஸ் அனுப்ப இத்தாலியச் சட்டம் 360 நாள் தருகிறது. ஆகவே மூன்று மாதம் கடிதம் வரவில்லை என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. வந்த 5 நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் குறையும் என்பது மட்டும்தான் ஆறுதல்.

"ஹோட்டலில் ஒரு வார்த்தை சொல்லவே இல்லை" என்று புலம்பினார்கள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். பல ஹோட்டல்கள் விருந்தினரின் வண்டி எண்ணை நகராட்சியில் பதிவு செய்து, அறைக்கு வந்து பெட்டி இறக்க அனுமதி வாங்கித் தரும். ஆனால் வாடகை வண்டியின் எண் சாவி கையில் வரும்வரை நமக்கே தெரியாது. அதனால் வண்டியை எடுத்த கையோடு நம்பர் பிளேட்டைப் படமெடுத்து ஹோட்டலுக்கு அனுப்பி, பதிவு செய்தாயிற்று என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். எந்தத் தெரு வழியாக வர வேண்டும், கராஜுக்கு நாள் வாடகை எவ்வளவு என்பதையும் அதிலேயே கேட்டுவிடலாம். தனியார் அபார்ட்மென்ட் எடுப்பவர்களுக்கு இந்த வசதி பெரும்பாலும் கிடைக்காது.

இவ்வளவு மல்லுக்கட்டுவதற்குப் பதில் நகரத்தில் இருக்கும் நாட்களுக்குக் காரே எடுக்காதீர்கள். ரோமிலிருந்து ஃப்ளோரன்ஸுக்கு அதிவேக ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். ஃப்ளோரன்ஸை நடந்தே பார்த்துவிட்டு, கிளம்பும் நாள் காலையில் டி2 டிராமில் விமான நிலையம் போய் அங்கே வண்டியை எடுங்கள். கார் ஏற்கெனவே கையில் இருந்தால் ஏ1 நெடுஞ்சாலையிலிருந்தே நேராக நுழையும் வில்லா கொஸ்தான்சா நிறுத்தத்தில் விட்டுவிட்டு டி1 டிராமில் ஊருக்குள் போகலாம். என்னைக் கேட்டால் நகரமா கிராமமா என்ற யோசனைக்கு முன்னால் எந்தெந்த நாளுக்குக் கார் என்று முடிவு செய்ய வேண்டும். கார் இருக்கும் நாளில் கிராமம், இல்லாத நாளில் நகரம். அறை தேடுவது அதற்குப் பிறகுதான்.

கிராமத்தில் ஒற்றை இரவு

அக்ரிதூரிஸ்மோ எனப்படும் பண்ணை விடுதிக்கு இருட்டில் போய்ச் சேர்ந்து, காலையில் காபி குடித்துவிட்டுக் கிளம்புவதற்குப் பேசாமல் நெடுஞ்சாலை ஓரத்து ஹோட்டலில் படுக்கலாம். குறைந்தது மூன்று இரவு வையுங்கள். கோடையில் சில பண்ணைகள் சனி முதல் சனி வரை வாரக் கணக்கில்தான் தரும்.

டஸ்கனியின் தெற்கே உள்ள வால் தோர்ச்சா பள்ளத்தாக்குப் பக்கம் ஒரே இடத்தில் தங்கினால் பியென்சா, மொந்தல்ச்சீனோ, மொந்தேபுல்ச்சானோ மூன்று ஊர்களையும் பெட்டி கட்டாமல் பார்க்கலாம். மலைமேல் இருக்கும் ஊரில் வண்டியை எங்கே விடுவது என்ற கவலையும் வேண்டாம். சியேனாவிலும் பெருஜாவிலும் ஓர்வியேத்தோவிலும் கீழேயே நிறுத்திவிட்டு எஸ்கலேட்டரில் ஏறிப் போகலாம்.

'பன்னிரண்டு கிலோமீட்டர்தானே'

ஃப்ளோரன்ஸ் விலை பார்த்து மிரண்டு, கியாந்தி கிராமத்தில் அறை எடுத்துத் தினமும் நகரத்துக்கு ஓட்டிப் போகலாம் என்பார்கள். ஃப்ளோரன்ஸையும் சியேனாவையும் கியாந்தி வழியே இணைக்கும் எஸ்ஆர்222 அழகான சாலைதான், வளைவுக்கு மேல் வளைவு. இரண்டாம் நாளே பின்சீட்டில் யாராவது எலுமிச்சம்பழம் கேட்பார்கள். பண்ணைக்குப் போகும் கடைசித் தூரம் பல இடங்களில் வெள்ளைச் சரளைப் பாதை, தெருவிளக்கு கிடையாது. முதல் நாள் வெளிச்சத்திலேயே போய்ச் சேருங்கள்.

இரவுச் சாப்பாடு

உணவகங்கள் இரவு ஏழு, ஏழரைக்குத்தான் திறக்கும். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, சின்ன ஊரில் இருக்கும் இரண்டு கடைக்கும் அது ஒரே நாளாக அமைவதும் உண்டு. பண்ணையிலேயே சாப்பிட வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும், அவர்கள் ஆள் கணக்குக்குத்தான் சமைப்பார்கள். சைவம் என்றால் அறை பதியும்போதே சொல்லிவிடுங்கள். 'பீச்சி அல்லாலியோனே' கேட்டுப் பாருங்கள்: கையால் உருட்டிய தடித்த பாஸ்தா, தக்காளியும் பெரிய பல் பூண்டும் போட்ட குழம்பு. நம் நாக்குக்குப் பழகிய ருசி. சூப் வகைகளில் மட்டும் இறைச்சிச் சாறு உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டோடு ஒயின் குடிப்பவர் இருந்தால் திரும்பி ஓட்டுவது யார் என்பதையும் யோசிக்க வேண்டும். ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் வரம்பு, உரிமம் வாங்கி மூன்று ஆண்டு ஆகாதவருக்குச் சொட்டுக்கூட ஆகாது. அதனால்தான் நடுக்காட்டுப் பண்ணையைவிட போன்கொன்வெந்தோ மாதிரி ஒரு சின்ன ஊரின் ஓரத்தில் அறை எடுக்கச் சொல்கிறேன். சாப்பிட நடந்தே போய் வரலாம்.

பெரிய வண்டி

வேண்டாம். பெட்டியைக் குறையுங்கள்.

வெனிஸ்

கார் ஊரின் நுழைவிலுள்ள பியாட்சாலே ரோமா சதுக்கத்தோடு சரி. வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

இடம் மாறும் நாள்

வழியில் பீசா கோபுரத்தையும் பார்த்துவிடலாம் என்று பெட்டிகளைப் பின்சீட்டில் வைத்தபடி நிறுத்திவிட்டுப் போகிறார்கள். கண்ணாடியை உடைக்க அரை நிமிடம் போதும். முதலில் அடுத்த அறைக்குப் போய்ப் பெட்டியை இறக்குங்கள்.

ஆகஸ்ட் 15

நாடே விடுமுறையில் இருக்கும் வாரம். கடற்கரைப் பக்கம் அறை தேடாதீர்கள்.