செக்யூரிட்டி எல்லாம் பாதுகாப்பு அல்ல

புதிதாக மொழிபெயர்க்க வந்த இருவரின் பிரதிகளைப் போன வாரம் திருத்த உட்கார்ந்தேன். ‘செக்யூரிட்டி’ வந்த இடமெல்லாம் ‘பாதுகாப்பு’ என்று போட்டிருந்தார்கள். திட்ட வாய் வரவில்லை. ஒரு காலத்தில் நானும் அதே பள்ளத்தில் விழுந்தவன்தான். எழுத்துப்பிழை, சந்திப்பிழையை விடுங்கள், பழகப் பழகச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

வேரை மறப்பது

லத்தீனில் ‘சே’ என்றால் இன்றி. ‘கூரா’ என்றால் கவலை, அக்கறை. இரண்டும் சேர்ந்த ‘சேகூருஸ்’ கவலையற்றவனைக் குறித்தது. சுவர், பூட்டு, காவலாள் எதுவும் அந்தச் சொல்லுக்குள் இல்லை. ரோமர்கள் ‘செக்யூரிட்டாஸ்’ என்ற பெண்தெய்வத்தை நாணயங்களில் பொறித்தார்கள். பல நாணயங்களில் அவள் ஒரு தூணில் சாய்ந்தபடி ஓய்வாக இருக்கிறாள். ‘ஷ்யூர்’ என்பதும் இதே சொல்தான், பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து வந்தது.

கடன் பத்திரத்தில் ‘பாதுகாப்பு’

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. முதன்முதலாகக் கைக்கு வந்த பெரிய வேலை, நாற்பது பக்கக் கடன் ஒப்பந்தம். “கடன் பெறுபவர் போதிய பாதுகாப்பு அளிக்க வேண்டும். தவணை தவறினால் கடன் கொடுத்தவர் அந்தப் பாதுகாப்பை விற்றுக்கொள்ளலாம்” என்று எழுதினேன். பாதுகாப்பை எப்படி விற்பது என்று ஒரு கணம் உறுத்தியது. உறுத்தியும் தாண்டிப் போனேன், அதுதான் தப்பு. அச்சான பிறகு படித்த வழக்கறிஞர் தொலைபேசியில் கேட்டார்: “யார் வீட்டு வாசல்ல சார் ஆள் நிறுத்தணும்? கடன் கொடுத்தவர் வீட்லயா, வாங்கினவர் வீட்லயா?” மொத்தத்தையும் மறுபடி அச்சடித்தார்கள். செலவு என் கூலியில் கழிந்தது.

அங்கே வரவேண்டிய சொல் பிணை. ஈடு என்றும் சொல்லலாம். வீட்டையோ நகையையோ ஈடாக வாங்கி வைத்துக்கொண்டால் கடன் கொடுத்தவருக்கு நிம்மதியாகத் தூக்கம் வரும். அந்தக் கவலையின்மைதான் பொருளுக்கே பெயராகிவிட்டது. ஆகவே இந்தச் சொல் வந்தால் நான் முதலில் கேட்பது, யாருடைய கவலை இங்கே நீங்குகிறது?

புதியவர்கள் ‘அன்செக்யூர்டு லோன்’ என்பதைப் ‘பாதுகாப்பற்ற கடன்’ என்கிறார்கள். படிப்பவர், வாங்கினால் நமக்கு ஆபத்து போலிருக்கிறது என்று ஓடிவிடுவார். ஈடு இல்லாததால் கூடுதல் கவலை கொடுத்தவருக்குத்தான். பிணையில்லாக் கடன் என்று எழுதினால் போதும். பன்மையில் ‘செக்யூரிட்டீஸ்’ என்று வந்தால் விஷயம் இன்னொரு படி நகர்ந்துவிட்டது. கடனுக்கு ஆதாரமான பத்திரத்தைக் குறித்த சொல் பங்கு, கடன்பத்திரம் வரை விரிந்திருக்கிறது. ‘பாதுகாப்புகள் சந்தை’ என்று ஒருவர் எழுதியதைப் பார்த்தேன். என்ன சொல்ல!

சேஃப்டியும் செக்யூரிட்டியும் ஒன்று என்பது

‘சேஃப்’ பிறந்தது ‘சால்வுஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து: முழுமையான, ஊனமற்ற, நலமான. தமிழில் இரண்டுமே பாதுகாப்பாகிவிட்டதால் உணவு விஷயத்தில் பெரும் குழப்பம். 1974இல் ரோமில் கூடிய உலக உணவு மாநாடு பேசிய ‘ஃபுட் செக்யூரிட்டி’, சாப்பாடு போதுமான அளவு கிடைக்குமா என்ற கவலை பற்றியது. ‘ஃபுட் சேஃப்டி’யோ, கிடைத்த சாப்பாடு கெட்டதா நல்லதா என்பது. முதலாவதை உணவுப் பாதுகாப்பு என்றே வைத்துக்கொண்டு, இரண்டாவதற்கு உணவின் தரம், தூய்மை என்று இடத்துக்கேற்ப விரித்து எழுதுகிறேன். அரசுப் பெயர்களில் மட்டும் கை வைப்பதில்லை.

பழைய நூல்களில் இன்றைய பொருளைத் தேடுவது

1623இல் அச்சான ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’ நாடகத்தில் சூனியக்காரிகளின் தலைவி ஹெக்கேட், மனிதருக்கு முதல் பகையே ‘செக்யூரிட்டி’தான் என்கிறாள். பாதுகாப்பு எப்படிப் பகையாகும்? அவள் சொல்வது அசட்டையை, ‘நமக்கு ஒன்றும் ஆகாது’ என்ற மிதப்பை. கவலை இல்லாதவன் கவனமும் இல்லாதவன் ஆகிவிடுகிறான் அல்லவா.

‘கூரா’விலிருந்து ‘கேர்’ வந்தது என்பது

வரவில்லை. ‘கேர்’ ஜெர்மானியக் குடும்பம், ‘க்யூர்’தான் லத்தீன்.

‘முதலிடத்தைப் பாதுகாத்தார்’

‘செக்யூர்டு ஃபர்ஸ்ட் பிளேஸ்’ என்றால் முதலிடம் பெற்றார், அவ்வளவுதான்.

வாசலில் நிற்பவர்

கட்டுரையில் காவலர். கதை உரையாடலில் ‘செக்யூரிட்டி’ என்றே விடுங்கள். “பாதுகாப்பைக் கூப்பிடு!” என்று யாரும் கத்துவதில்லை.