சப்வூஃபரை எங்கே வைப்பது?
கேஇஎஃப் எல்எஸ்50 மெட்டா மாதிரி சின்ன ஸ்பீக்கர் எவ்வளவு உயர்தரமானாலும் 79 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேஸ் (தாழ்ந்த ஒலி) மெலிந்துவிடும், அதனால் அந்த ஒலிக்கென்றே உள்ள தனி ஸ்பீக்கர் பெட்டியான சப்வூஃபரைச் சேர்ப்பதில் தப்பே இல்லை. ஆனால் இடம்தான் முக்கியம். சப்வூஃபரை நீங்கள் வழக்கமாக உட்காரும் சோபாவில் தூக்கி வைத்து, பேஸ் கிட்டார் மேலும் கீழும் ஓடுகிற பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, சுவர் ஓரமாகத் தவழ்ந்தபடி கேளுங்கள். ஒரு மூலையில் ஒரே சுரம் மட்டும் குமுறும், இன்னொரு இடத்தில் அதே சுரம் காணாமல் போகும், எல்லாம் ஒரே அளவில் கேட்கிற இடம்தான் பெட்டிக்கான இடம்.

கிராஸ்ஓவரை, அதாவது எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே சப்வூஃபர் வேலையை ஏற்கிறது என்ற எல்லையை, 80 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள். அப்புறம் அதே 80 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, சோபாவில் உட்கார்ந்தபடி, இன்னொருவரை சப்வூஃபரின் ஃபேஸ் சுவிட்சை (அதன் ஒலி அலையை மற்ற ஸ்பீக்கர்களோடு ஒத்துப்போக வைப்பது) 0, 180 டிகிரி என்று மாற்றச் சொல்லுங்கள். எதில் சத்தம் கூடுகிறதோ அதுவே சரி. வால்யூம் கடைசியில்தான். சப்வூஃபர் தனியாகக் காதில் விழுந்தால் இன்னும் குறையுங்கள்.