பை-க்கு ஐபி போடுறப்போ அந்த பிராட்காஸ்ட்டையும் கொஞ்சம் பாருங்க

வீட்ல ஒரு ராஸ்பெர்ரி பை (லினக்ஸ் ஓடுற கையளவு கம்ப்யூட்டர்) ஓரமா ஓடிட்டு இருக்கும், ஒவ்வொரு தடவை கரண்ட் போய் வர்றப்பவும் ரவுட்டர் அதுக்கு வேற ஐபி (நெட்வொர்க்ல அதோட விலாசம்) கொடுத்துடும், அப்புறம் உக்காந்து தேடணும். அதான் நிலையா ஒரு ஐபி போட்டுடலாம்னு எல்லாரும் இறங்குறோம். கமாண்டை எல்லாம் வாய்ல சொல்ற மாதிரி தமிழ்லயே எழுதுறேன், டெர்மினல்ல இங்கிலீஷ் சின்ன எழுத்துல அடிச்சுக்கோங்க.

முதல்ல இப்ப என்ன இருக்குன்னு பாருங்க. "ஐபி ஏ" அடிச்சா எத்0-க்கு (நெட்வொர்க் கேபிள் சொருகுற போர்ட்டோட பேரு) கீழ "ஐநெட் 192.168.1.37/24 பிஆர்டி 192.168.1.255" அப்படின்னு ஒரு வரி வரும். பிஆர்டி-ன்னு இருக்கிறதுதான் பிராட்காஸ்ட், அந்த நம்பருக்கு ஒரு பாக்கெட் அனுப்புனா அந்த நெட்வொர்க்ல இருக்கிற எல்லாருக்கும் போகும். /24-ன்னா கடைசி எண் மட்டும்தான் மெஷினுக்கு, அதுல 0 நெட்வொர்க்குக்கு, 255 பிராட்காஸ்ட்டுக்கு, மிச்சம் 254 நமக்கு.

/24 தவிர வேற எதாவது வந்தா சிலர் பயந்துடுறாங்க, அவ்ளோ பெரிய விஷயம் இல்ல. 192.168.1.70/26-ன்னு வச்சுக்கோங்க. /26-ன்னா 64, 64-ஆ வெட்டுறது: 0, 64, 128, 192. 70 எங்க விழுது? 64-க்கும் 127-க்கும் நடுவுல. அப்போ நெட்வொர்க் .64, பிராட்காஸ்ட் .127, அவ்ளோதான். இங்க பழக்க தோஷத்துல 255-ன்னு போட்டா அது உங்க நெட்வொர்க்லயே இல்லாத ஒரு அட்ரஸ்.

இப்ப ஐபி போடுறது:

சூடோ ஐபி ஏ ஆட் 192.168.1.50/24 பிஆர்டி + டெவ் எத்0

அந்த + குறிதான் முக்கியம், மாஸ்க்கை (அந்த /24-ஐ) வச்சு பிராட்காஸ்ட்டை நீயே கணக்கு போட்டுக்கோன்னு அர்த்தம். அதை விட்டுட்டா பழைய ஐஎஃப்கான்ஃபிக் கமாண்ட் மாதிரி இது தானா போட்டுக்காது, "ஐபி ஏ"-ல பிஆர்டி-யே இருக்காது. நெட் என்னமோ ஓடும், கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) அதோட ரூட் டேபிள்ல 255-ஐ தானா சேர்த்துக்கும், ஆனா இன்டர்ஃபேஸ் கிட்ட "உன் பிராட்காஸ்ட் என்ன"ன்னு கேக்குற புரோகிராமுக்கு 0.0.0.0-ன்னு பதில் போகும், அது ஏன் வேலை செய்யலன்னு நீங்க ராத்திரி பூரா மண்டைய உடைச்சுக்குவீங்க.

அதைவிட மோசம் /24-ஐ மறக்கிறது. மச்சான் கடையில ஒரு பை வச்சுக் கொடுக்கப் போய் வெறும் 192.168.1.50-ன்னு மட்டும் அடிச்சுட்டேன், லினக்ஸ் அதை /32-ன்னு எடுத்துக்கிச்சு, அதாவது அந்த நெட்வொர்க்ல இருக்கிறது அது ஒண்ணே ஒண்ணுதான். பக்கத்துல இருக்கிற ரவுட்டரை பிங் பண்ணா "நெட்வொர்க் அன்ரீச்சபிள்". நான் கேபிள் போச்சுன்னு மூணு கேபிள் மாத்திப் பார்த்தேன், மச்சான் டீ வாங்கிக் கொடுத்துட்டு ஒரு மாதிரி பார்த்துட்டே நின்னாரு.

போடுறதுக்கு முன்னாடி அந்த ஐபி-ய வேற யாரும் வச்சிருக்காங்களான்னு பாத்துடுங்க. பிங்கை நம்பாதீங்க, நிறைய விண்டோஸ் மெஷின் பிங்குக்கு வாயே திறக்காது. "சூடோ ஆர்ப்பிங் -டி -ஐ எத்0 -சி 3 192.168.1.50" அடிங்க (அந்த டி-யும் ஐ-யும் மட்டும் பெரிய எழுத்து), பதில் வந்தா ஆள் இருக்கு. ரவுட்டர் டிஎச்சிபி-ல (தானா ஐபி கொடுக்கிற முறை) கொடுக்கிற ரேஞ்சுக்கு வெளிய ஒரு நம்பரை எடுக்கிறது இன்னும் நல்லது.

எஸ்எஸ்எச்-ல (நெட்வொர்க் வழியா தூரத்துல இருந்து லாகின்) உக்காந்து மாத்துறவங்க கவனிங்க. புது ஐபி-ய சேர்த்து, அதுல லாகின் பண்ணி, அப்புறம் பழசை எடுக்கலாம்னு தோணும். அதுலயும் ஒரு கண்ணி இருக்கு. ஒரே சப்நெட்ல (அதே நெட்வொர்க் துண்டுல) ரெண்டாவதா சேர்த்தது "செகண்டரி"-ன்னு விழும், புரோமோட்_செகண்டரீஸ் செட்டிங் 0-ன்னு இருக்கிற சிஸ்டத்துல பழசை டெலீட் பண்ணா புதுசும் சேர்ந்தே போயிடும், நீங்க வெளிய நிப்பீங்க. அதனால ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே "சூடோ ஷட்டவுன் -ஆர் +10" போட்டுட்டு இறங்குங்க. சொதப்புனா பத்து நிமிஷத்துல ரீபூட் ஆகி பழைய நிலைமைக்கு வந்துடும், நல்லா முடிஞ்சா "சூடோ ஷட்டவுன் -சி".

ஆமா, ஐபி கமாண்ட்ல போட்டதெல்லாம் ரீபூட் வரைக்கும்தான். நிரந்தரமா வேணும்னா, 2023-ல வந்த புக்வார்ம்ல இருந்து ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ல நெட்வொர்க் செட்டிங்கைப் பாத்துக்கிறது நெட்வொர்க்மேனேஜர்தான், பழைய டிஎச்சிபிசிடி ஃபைலைத் திருத்துற வழி அங்க வேலைக்கு ஆகாது. "சூடோ என்எம்டியுஐ" அடிச்சா மெனு வரும், ஐபிவி4-ஐ மேனுவல் ஆக்கி, 192.168.1.50/24, கேட்வே (ரவுட்டரோட ஐபி), டிஎன்எஸ் (பேரை ஐபி-யா மாத்துற சர்வர்) கொடுத்து சேவ் பண்ணிட்டு கனெக்ஷனை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. பிராட்காஸ்ட்டை அதுவே போட்டுக்கும்.

கடைசியா டெஸ்ட். "பிங் -பி 192.168.1.255" அடிச்சு ஒருத்தரும் பதில் சொல்லலன்னா பதறாதீங்க, ஸ்மர்ஃப் அட்டாக்குக்கு (பிராட்காஸ்ட் பிங் மூலமா எல்லா மெஷினையும் ஒருத்தர் மேல பதிலைக் கொட்ட வைக்கிறது) பயந்து லினக்ஸ் பிராட்காஸ்ட் பிங்கை டீஃபால்ட்டாவே கண்டுக்காது. அதுக்கு பதிலா இன்னொரு லினக்ஸ் மெஷின்ல "சூடோ டிசிபிடம்ப் யுடிபி போர்ட் 9" ஓட விட்டுட்டு, பை-ல இருந்து "வேக்ஆன்லான் -ஐ 192.168.1.255" கூட எதாவது ஒரு மேக் அட்ரஸ் (நெட்வொர்க் கார்டோட நம்பர்) கொடுத்து அனுப்புங்க (இது தூங்குற மெஷினை எழுப்புற பாக்கெட், போர்ட் 9-க்குத்தான் போகும்), அந்தப் பக்கம் ஒரு வரி வந்து விழுந்தா பிராட்காஸ்ட் ஓகே.