மடக்கு ஸ்பூன் வாங்குமுன் கீலைப் பாருங்கள்

மலையேற்றத்துக்குச் சாமான் வாங்கும்போது, மடங்குகிற எதுவும் எடை குறைவாகத்தான் இருக்கும் என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். மடக்குவதால் மிச்சமாவது இடம்தான். கீல், அதை இணைக்கும் ஆணியான ரிவெட், பூட்டு வளையம் எல்லாம் சேர்வதால், அதே உலோகத்தில் செய்த மடங்காத ஸ்பூனின் எடையேதான் இதற்கும் இருக்கும். சிலவற்றில் சில கிராம் கூடவும் செய்யும். எனவே, மடக்கு ஸ்பூன் தேவையா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஸ்டவ், லைட்டர், ஸ்பூன் என்று எல்லாவற்றையும் சமைக்கிற பாத்திரத்துக்குள்ளேயே அடக்கி மூட வேண்டுமென்றால் தேவை. பையின் பக்கப் பாக்கெட்டில் ஸ்பூனைச் செருகிக்கொண்டு நடப்பவருக்கு மடங்காத நீள ஸ்பூனே மேல். உடைய அதில் ஒன்றுமில்லை, கழுவவும் சுலபம்.

அளவு எடுக்காமல் வாங்காதீர்கள்

தனியாகப் போகிறவர்கள் அதிகம் எடுத்துச்செல்வது 750 மி.லி. பாத்திரம். அதன் குறுக்களவு சுமார் 9.5 செ.மீ., உயரம் சுமார் 11 செ.மீ. அதற்குள் சிறிய கேஸ் சிலிண்டரை வைத்தால் மேலே ஏறக்குறைய நாலரை செ.மீ. உயரம்தான் மிஞ்சும். அந்த இடத்தில் ஸ்பூனைச் சாய்த்துப் படுக்க வைத்தாலும் 10 செ.மீ.க்கு மேல் போகாது. கடையில் கிடைக்கும் மடக்கு ஸ்பூன்கள் மடக்கிய நிலையில் 9 முதல் 11 செ.மீ. வரை இருக்கும். அந்த ஒரு செ.மீ.தான் மூடி மூடுமா மூடாதா என்பதைத் தீர்மானிக்கிறது. கடைக்குப் போகும்போது உங்கள் பாத்திரத்தையே கையில் கொண்டுபோங்கள். ஆன்லைனில் வாங்குகிறவர்கள் விரித்த நீளத்தை விட்டுவிட்டு, மடக்கிய நீளம் எவ்வளவு என்று தேடிப் படியுங்கள்.

விரித்த நீளம் வேறொரு காரணத்துக்காக முக்கியம். 16 செ.மீ. ஸ்பூன் தட்டில் சாப்பிடப் போதும். பொட்டலத்தில் வெந்நீர் ஊற்றி ஊறவைத்துச் சாப்பிடுகிற உலர் உணவுக்கு அது போதாது. அடியில் இருப்பதை எடுக்கக் கை மணிக்கட்டு வரை உள்ளே போய், விரல் முட்டியெல்லாம் குழம்பாகும். அதற்கு 20 செ.மீ.க்கு மேல் நீளம் வேண்டும். குட்டை ஸ்பூன்தான் கையில் இருக்கிறது என்றால், பாதி சாப்பிட்டதும் பொட்டலத்தின் மேல்பாதியைக் கத்தரித்துவிடுங்கள்.

கீலும் பூட்டும்

பணம் கொடுக்குமுன் அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான். பல மடக்கு ஸ்பூன்களில் கைப்பிடி, குழிவான பக்கத்தை நோக்கி மடங்கும். உணவை அள்ளும்போது பாரம் அதற்கு எதிர்த் திசையில் விழுவதால் ஸ்பூன் உறுதியாக நிற்கும். ஆனால் உருளைக்கிழங்கை மசிக்கும்போதோ, இறுகிய பொங்கலை அழுத்திக் கிளறும்போதோ, பாத்திரத்தின் அடியைச் சுரண்டும்போதோ விசை மடங்குகிற திசையிலேயே போகிறது. பூட்டு தளர்வாக இருந்தால் அந்த நேரத்தில் ஸ்பூன் சட்டென்று மடங்கும். கை போய் சூடான பாத்திர விளிம்பில் படும்.

கடையிலேயே இப்படிச் சோதித்துப் பாருங்கள். ஸ்பூனை விரித்து, பூட்டி, அதன் முதுகை மேசைமேல் வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். வளையம் இம்மியளவு நகர்ந்தாலும் வேண்டாம். அடுத்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முனையை இடமும் வலமும் ஆட்டுங்கள். புது ஸ்பூனிலேயே ஓரிரு மி.மீ.க்கு மேல் ஆட்டம் இருந்தால், சில பயணங்களில் ரிவெட் ஓட்டை இன்னும் அகலமாகும். கம்பியை வளைத்துச் செய்த கைப்பிடியில் நகரும் வளையம்தான் பூட்டு. அதன் உள்விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். பிசிறு இருந்தால் கையைக் கீறும். கடற்கரையில் முகாம் போடுகிறவர்கள் இந்த வகையைத் தவிர்ப்பது நல்லது. நாலு மணல் துகள் புகுந்தாலே வளையம் நகர மறுக்கும், பல்லால் கடித்து இழுக்கிற நிலை வரும்.

அடுத்த சோதனை வீட்டில். மடக்கு ஸ்பூனால் கேழ்வரகுக் கூழ் கிளறுங்கள். கழுவாமல் ஒரு மணி நேரம் காயவிட்டு, ஒரே ஒரு டம்ளர் தண்ணீரில் அதைச் சுத்தம் செய்ய முயலுங்கள். மலைமேல் உங்களுக்குக் கிடைக்கப்போவது அவ்வளவுதான். கீலின் இடுக்கில் கூழ் ஒட்டிக்கொண்டே இருந்தால், இரண்டாம் நாள் காலையில் அது புளித்திருக்கும். வயிற்றுப்போக்குக்கு அது போதும். கீல் திறந்த அமைப்பாக, அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். இரண்டு தகடு ஒன்றின்மேல் ஒன்று படிந்த மூடிய கீல் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

எந்தப் பொருளில் வாங்குவது

டைட்டானியத்தின் அடர்த்தி கன செ.மீ.க்கு 4.5 கிராம், எவர்சில்வருக்குச் சுமார் 7.9, அலுமினியத்துக்கு 2.7. நீளமான டைட்டானியம் ஸ்பூன் 18 முதல் 20 கிராம் வரும். கெட்டி அலுமினியக் கலவையில் 12 கிராம் அளவிலேயே கிடைக்கிறது. ஸ்பூனும் முள்கரண்டியும் சேர்ந்த பிளாஸ்டிக் ஸ்போர்க் 10 கிராம். சமையலறை எவர்சில்வர் ஸ்பூனைத் தராசில் வைத்தால் பெரும்பாலும் 30 கிராமைத் தாண்டும். நாம் பேசுவது 20 கிராம் வித்தியாசத்தைப் பற்றித்தான். கூடாரத்திலோ தூங்கும் பையிலோ கிலோக் கணக்கில் குறைக்க வழி இருக்கும்போது, ஸ்பூனுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கத் தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. முதல் பயணத்துக்கு வீட்டு ஸ்பூனையே எடுத்துப் போகலாம்.

டைட்டானியம் என்று விற்பதைக் காந்தத்தில் காட்டுங்கள். காந்தம் ஒட்டினால் அது டைட்டானியம் இல்லை. ஒட்டாவிட்டாலும் நம்பிவிடக் கூடாது, நல்ல எவர்சில்வரிலும் காந்தம் ஒட்டாது; எடை பார்த்துத்தான் உறுதிசெய்ய வேண்டும்.

நான்ஸ்டிக் பூச்சுள்ள பாத்திரம் வைத்திருப்பவர்கள் உலோக ஸ்பூனைத் தொடவே வேண்டாம். நைலான் அல்லது மூங்கில்தான் அதற்குச் சரி. பிளாஸ்டிக்கில் பலவீனமான இடம் கழுத்து. உறைந்த நெய்யையோ கெட்டியான வெல்லத்தையோ நெம்பினால் அங்கேதான் ஒடியும். ஒரு முனையில் ஸ்பூனும் மறுமுனையில் முள்ளும் உள்ள ஸ்போர்க்கில் ஒரு தொல்லை உண்டு: முள்முனையால் சாப்பிடும்போது, சற்றுமுன் ரசம் குடித்த ஸ்பூன்முனையைத்தான் கையால் பிடிக்க வேண்டும். ஓரத்தில் ரம்பப் பல் வைத்தது கடைவாயைக் கீறும். நம் சாப்பாட்டுக்கு முள்ளால் பெரிய வேலையும் இல்லை. நூடுல்ஸ் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ஆழமான ஸ்பூன் போதும்.

பாத்திரம், கிண்ணம், கோப்பை

டைட்டானியம் பாத்திரம் வெந்நீர் வைக்க அருமையானது. உப்புமா கிளற அது ஆகாது. வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியத்தின் பத்தில் ஒரு பங்குகூட இல்லாததால், தீ படுகிற நடுப்பகுதி மட்டும் பழுத்து, அங்கே அடிப்பிடிக்கும். உண்மையில் சமைக்கப்போகிறவர்கள் ஆனோடைஸ் செய்த (மின்முறையில் மேற்பரப்பைக் கெட்டிப்படுத்திய) அலுமினியம் வாங்குங்கள். ஆனோடைஸ் செய்யாத வெறும் அலுமினியத்தில் புளியோ தக்காளியோ சேர்ந்த எதையும் இரவு முழுக்க வைக்காதீர்கள். புளிப்பு உலோகத்தை அரித்து, ரசத்தில் கசப்பு இறங்கும். பாத்திரத்தில் புள்ளி புள்ளியாகக் குழி விழும்.

பாத்திரத்தின் மடக்குக் கைப்பிடியிலும் அதே பூட்டுச் சோதனைதான், தண்ணீர் நிரப்பித் தூக்கிப் பார்க்க வேண்டும். கைப்பிடிமேல் சிலிக்கான் உறை இருந்தால், தீ பாத்திரத்தின் அடியைத் தாண்டிப் பக்கத்தில் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காற்று வீசும் இடத்தில் இது அடிக்கடி நடக்கும். உறை கருகிவிடும்.

சுருக்கி மடக்கும் சிலிக்கான் பாத்திரங்கள் இன்னும் கவனம் கேட்பவை. உலோக அடி உள்ளவற்றை மட்டுமே அடுப்பில் வைக்கலாம், அதுவும் அடியைவிடச் சிறிய தீயில். விறகடுப்பில் ஒருபோதும் கூடாது. சிலிக்கான் கிண்ணத்தில் கொதிக்கும் கஞ்சியை ஊற்றி விளிம்பைப் பிடித்துத் தூக்கினால் சுவர் உள்வாங்கும், கஞ்சி மடியில் விழும். அடியைத் தாங்கித்தான் தூக்க வேண்டும். மஞ்சள்கறை போகாது, மசாலா வாடையும் தங்கும். ஆகவே சாம்பாருக்கு ஒன்று, டீக்கு ஒன்று என்று பிரித்து வையுங்கள். தகடுபோல விரியும் பிளாஸ்டிக் கிண்ணம் இதைவிட லேசு, விரித்துத் துடைத்தால் கழுவும் வேலையும் முடிந்தது. ஆனால் மடிப்புக் கோட்டில் வெள்ளைக் கீறல் தெரிய ஆரம்பித்ததும் அதில் சூடான திரவம் ஊற்றுவதை நிறுத்திவிடுங்கள்.

இரட்டைச் சுவர் கோப்பையை அடுப்பில் வைக்கக் கூடாது. சுவர்களுக்கு நடுவில் அடைபட்ட காற்று விரிந்து கோப்பை உப்பும், வெடிக்கவும் செய்யலாம். ஒற்றைச் சுவர் உலோகக் கோப்பையில் டீ குடித்தால் உதடு சுடும், விளிம்பில் ஒரு சிலிக்கான் பட்டை மாட்டிக்கொண்டால் தீர்ந்தது.

கையால் சாப்பிடுகிறவர்கள் இன்னும் குறைவாக எடுத்துப் போகலாம். தண்ணீர் தாராளமாக உள்ள தாழ்ந்த மலைகளில் கிளறவும் கஞ்சி குடிக்கவும் ஒரு ஸ்பூன் போதும். 3,500 மீட்டருக்கு மேலே நிலைமை வேறு. அங்கே தண்ணீர் 88 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும், அரிசி வேக நேரமும் கேஸும் இரட்டிப்பாகும். பனிக்குளிரில் கை கழுவுவதும் தண்டனை. அவலோ சேமியாவோ செய்து ஸ்பூனால் சாப்பிடுவதே வசதி.

கழுவுவதும் பராமரிப்பதும்

சாப்பிட்டு முடித்த உடனே, காயுமுன், பாத்திரத்தில் இரண்டு வாய் வெந்நீர் ஊற்றி ஸ்பூனாலேயே சுரண்டிக் குடித்துவிடுங்கள். பாதி வேலை அதோடு முடியும். ஓடையிலோ குளத்திலோ நேரடியாகக் கழுவக் கூடாது. நீர்நிலையிலிருந்து 60 மீட்டராவது தள்ளிப் போய்க் கழுவி, பருக்கைகளைத் துணியில் வடித்துப் பையில் போட்டு எடுத்து வாருங்கள். கீல் இடுக்குக்கு, கைப்பிடி ஒடித்த பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்று போதும். ஈரத்தோடு ஸ்பூனை மடக்காதீர்கள், விரித்தே காயவிடுங்கள். திரும்பி வந்ததும் பத்து நிமிடம் வெந்நீரில் போட்டுத் தேய்த்து, நன்றாகக் காய்ந்தபின் ரிவெட்டில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விடுங்கள். மெஷின் எண்ணெய் வேண்டாம், அது வாய்க்குள் போகிற பொருள். ரிவெட் தளர்ந்திருந்தால், தலையை இரும்பின்மேல் வைத்து மறுபக்கத்தைச் சிறு சுத்தியலால் இரண்டு மூன்று தட்டுத் தட்டினால் இறுகும். அப்படியும் ஆடினால் அந்த ஸ்பூனை அடுத்த பயணத்துக்கு எடுத்துப் போகாதீர்கள்.